ஓ என்றால் ஓல்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடையாறில் ஒரு கல்யாண வரவேற்பு, சாப்பிட்டு வெளியே வரும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டது. அம்மா வீடு கேளம்பாக்கம் தாண்டித் தையூர் பக்கம், அதனால் கால் டாக்ஸி போட்டேன். வந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். உளுந்தூர்பேட்டைப் பக்கமாம், சென்னைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். மத்திய கைலாஷ் கோயில் பக்கம் திரும்பும்வரை பேசாமல் ஓட்டியவன், அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மேடம், கடைசியில ரெண்டு ரோடு காட்டுது. உங்க வீடு ஓஎம்ஆர்லயா, பழைய ஓஎம்ஆர்லயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, ஓஎம்ஆர்னாலே பழசுதான். ஓல்டு மகாபலிபுரம் ரோடு. ஓன்னா ஓல்டு" என்றேன். நான் கிண்டல் செய்கிறேனோ என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். "அப்படியாக்கா? எம்ஜிஆர் மாதிரி யாரோ பெரிய மனுஷன் பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

மேடம் அக்காவானது ஒருபக்கம் இருக்கட்டும். அவன் சொன்னதை யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பும் இல்லை. அரசாங்கக் கணக்கில் அது பெரிய மனிதர் பெயர் வைத்த சாலைதான். 2008ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள், பலகையில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. ஆனால் ராஜீவ் காந்தி சாலைக்கு வா என்று யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இன்னொன்று, "பழைய ஓஎம்ஆர்" அவனுடைய கண்டுபிடிப்பும் இல்லை. கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி புறவழிச்சாலை போடுகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்தே எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் பைபாஸ்தான் ஓஎம்ஆர். ஊருக்குள் வருவது பழைய ஓஎம்ஆர். விரித்துச் சொன்னால் பழைய பழைய மகாபலிபுரம் சாலை! நெற்றி முழுக்கக் கண்ணாடிக் கட்டடமும் நடுவில் மெட்ரோத் தூணுமாக, சென்னைக்கே புதுமுகமாக இருக்கிற ஒரு சாலைக்கு இரண்டு தரம் பழைய பட்டம். பையனுக்கு வழி சொல்லி, வீடு வந்து, அம்மா கதவு திறந்து, படுத்த பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சாலையைப் பழசு என்று முதலில் சொன்னது யார்?

எந்த முனையில் நின்று கூப்பிடுவது

விடை சுலபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, அதனால் இது பழசானது, அவ்வளவுதான். கடலோரமாக இருந்த மீனவக் கிராமங்களின் துண்டுச் சாலைகளை ஒன்றோடொன்று சேர்த்து, நீளமான ஒரு சாலையாக்கி, 2002ல் சுங்கமும் வசூலிக்க ஆரம்பித்தார்கள். திருவான்மியூரில் ஏறினால் நேரே மகாபலிபுரம், இடதுபக்கம் கடற்காற்று, வழியெல்லாம் கேளிக்கைப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டன. எண்ணிலும் அது தெரியும்: அது மாநில நெடுஞ்சாலை 49, எங்களுடையது 49ஏ. வீட்டு மனையைப் பிரித்து விற்கும்போது பின்பக்கத்து மனைக்கு ஏ போடுவார்களே, அந்த மாதிரி. இப்போது கடற்கரைச் சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகிவிட்டது, எங்கள் ஏ மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இது பாதி விடைதான். மீதி எங்கே இருக்கிறது என்று தேடியபோது, சின்ன வயதில் நாங்கள் யாருமே இந்தச் சாலையை மகாபலிபுரம் ரோடு என்று சொன்னதில்லை என்பது திடீரென்று உறைத்தது. எங்களுக்கு இது மெட்ராஸ் ரோடு. "மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் விளையாடாதே", "மெட்ராஸ் ரோட்டு டீக்கடையில சொல்லிட்டு வா", இப்படித்தான். மகாபலிபுரத்தை நாங்கள் மாவலிபுரம் என்போம், அங்கே போனது மொத்தமே நாலைந்து தடவை இருக்கும், அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலாவும் வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போனதும். மெட்ராஸுக்குத்தான் காய்கறி போனது, உப்பு போனது, ஆஸ்பத்திரிக்கு ஆள் போனார்கள், அப்புறம் படிக்க நான் போனேன். மகாபலிபுரம் சாலை என்பது அடையாற்று முனையில் நின்றுகொண்டு தெற்கே பார்த்தவர்கள் வைத்த பெயர். வடபழனிக்காரருக்கு அது ஆற்காடு ரோடு, ஆற்காட்டில் போய் ஆற்காடு ரோடு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். எல்லாச் சாலைக்கும் இரண்டு முனை உண்டு, பெயர் மட்டும் எப்போதும் பெரிய ஊர் முனையிலிருந்தே வருகிறது. அவர்களுக்குக் கடற்கரைக்கு வேறு வழி கிடைத்ததும் அவர்களே பழைய என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் இங்கேயே இருந்தோம். எங்களுக்கு வேறு சாலை எதுவும் கிடைக்கவில்லை, அதனால் இது பழசாகவும் இல்லை.

இதைவிட வேடிக்கை, எங்கள் ஆயா இதைப் புது ரோடு என்பாள். அப்பாவின் அம்மா. கோவளத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வாயில் கடைசிவரை இது புது ரோடுதான். ஏனென்றால் அவளுக்குப் பழைய வழி என்பது கால்வாய். பக்கிங்காம் கால்வாய் இந்தச் சாலைக்குக் கிழக்கே கிட்டத்தட்டக் கூடவே வருகிறது. இன்றைக்குச் சென்னைக்குள் அதைப் பார்ப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அதில் படகு போனது என்றால் நம்பமாட்டார்கள். 1806ல் சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பித்து, அப்புறம் தெற்கே மரக்காணம்வரை நீட்டி, 1870களின் கடைசியில் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி வேலையாக நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் அதற்கு. (இதிலும் பாருங்கள், பசியோடு மண் சுமந்தவர்கள் பெயர் இல்லை.) வெள்ளைக்காரத் துரைமார்கள் மகாபலிபுரத்துக் கல்கோயில் பார்க்கப் போனதும் ராத்திரிப் படகில் இந்தக் கால்வாய் வழியாகத்தான். விறகு, உப்பு, நெல் எல்லாம் படகில். ஆயாவின் சீர்வரிசைப் பாத்திரங்கள் படகில்தான் வந்தனவாம். 1960களில் அடித்த புயல்களுக்குப் பிறகு கால்வாய் தூர்ந்து போக்குவரத்து நின்றது, சாலை மட்டும்தான் மிச்சம். ஆக ஒரே தார்ச்சாலையை ஆயா புது ரோடு என்றாள், அப்பா மெட்ராஸ் ரோடு என்றார், நான் ஓஎம்ஆர் என்கிறேன், டாக்ஸித் தம்பி பழைய ஓஎம்ஆர் என்கிறான்.

சாலை இருந்த இடத்திலேயே இருக்க மாவட்டம் மாறியதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டமானது, 2019ல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். வீடு ஒரு அடி நகரவில்லை.

19பியில் பார்த்த ஊர்கள்

1996லிருந்து மூன்று வருடம் தினமும் கேளம்பாக்கம்வரை சைக்கிள், அங்கே ஒரு தெரிந்த கடையில் விட்டுவிட்டு 19பி. பல்லவன் பஸ் என்றுதான் சொல்வோம். பல்லவர் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் பல்லவன் பஸ் என்பது அப்போது தோன்றவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊர்கள் வரிசையாக வரும்: படூர், சிறுசேரி, நாவலூர், செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், மேட்டுக்குப்பம், துரைப்பாக்கம், பெருங்குடி, கந்தன்சாவடி. சேரி, பாக்கம், குப்பம், குடி, நல்லூர் என்று நெய்தலும் மருதமும் கலந்த பெயர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயல், வயல் இல்லாத இடத்தில் தண்ணீர். ஒக்கியம் மடுவு தாண்டும்போது மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு கண்ணுக்கெட்டியவரை பளபளவென்று கிடக்கும், கூடவே குப்பை மேட்டின் புகையும் வரும். பெண்கள் எல்லாரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வோம், பஸ் முழுக்க ஒரே நேரத்தில். கண்டக்டர் அதைப் பார்த்தே பெருங்குடி வந்துவிட்டது என்று குரல் கொடுப்பார்.

கூட்டம் கல்லூரி மாணவர்களால்தான். இந்தச் சாலையை ஐ.டி. கண்டுபிடித்ததாக எல்லாரும் எழுதுகிறார்கள், அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே பொறியியல் கல்லூரிகள் வந்துவிட்டன. படூரில் 1985ல், செம்மஞ்சேரியில் 1987ல் என்று ஆரம்பித்து அப்புறம் வரிசையாக. நிலம் மலிவு, நகரத்துக்குப் பக்கம், மாநில நெடுஞ்சாலை மேல். அதே காரணங்களுக்காகத்தான் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். 2000 ஜூலை 4ஆம் தேதி தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே காலத்தில்தான் துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணகி நகர் வீடுகளுக்கு, கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார்கள். ஒருபக்கம் கூப்பிட்டு உட்காரவைத்தது, இன்னொரு பக்கம் கொண்டுவந்து தள்ளியது. இரண்டுக்கும் ஒரே சாலை. கண்ணாடிக் கட்டடத்தின் கண்ணாடியைத் துடைக்கிற பெண்கள் பலர் கண்ணகி நகரிலிருந்து வருகிறவர்கள் என்பது இங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

சாலையை ஆறு வழியாக்கி, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரைக்கும் 20 கிலோமீட்டர், 2008ல் திறந்தார்கள். ஐ.டி. காரிடர் என்று பெயர். நானும் அப்போது பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன், முதல் வாரம் அந்தச் சாலையில் போனபோது உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறுசேரி தாண்டியதும் சட்டென்று சாலை சுருங்கிப் பழையபடி ஆகிவிடும். எங்கள் ஊர் ஆட்கள் அதற்கு "அரைக்கை சட்டை" என்று பெயர் வைத்தார்கள்.

ஆறு வழியோடு ஐந்து சுங்கச்சாவடியும் வந்தன. பெருங்குடியில் ஒன்று, துரைப்பாக்கத்தில் ரேடியல் ரோடு திரும்பும் இடத்தில் ஒன்று, சோழிங்கநல்லூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கும் மேடவாக்கத்துக்கும் பிரியும் வழிகளில் ஒவ்வொன்று, நாவலூரில் ஒன்று. மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் இரண்டு. மெட்ரோ வேலை நடப்பதால் 2021 ஆகஸ்ட் 30லிருந்து நாலை நிறுத்தினார்கள், நாவலூரை 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள். ஆனால் பஸ்ஸில் இன்றைக்கும் "டோல்கேட் எறங்கு" என்றுதான் குரல் வருகிறது, ஷேர் ஆட்டோவிலும் டோல்கேட்தான். கருவித் தொழிற்சாலையின் பெயரில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் என்று ஒரு நிறுத்தம் இருக்கிற மாதிரி. இந்தச் சாலையில் ஒரு விஷயத்துக்குப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் அது காணாமல்போக வேண்டும் போலிருக்கிறது.

பெருங்குடி டோலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கந்தன்சாவடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என்னுடைய சொந்த ஊகம், எழுதிவைத்த ஆதாரம் கேட்காதீர்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம். கந்தன் என்றால் இந்தச் சாலைக்கு ஒரே கந்தன்தான், திருப்போரூர் கந்தசாமி. திருச்செந்தூரில் கடலில், திருப்பரங்குன்றத்தில் நிலத்தில், இங்கே ஆகாயத்தில் அசுரரோடு போர் செய்தான் என்பார்கள், அதனால் போரூர். கிருத்திகைக்குப் பட்டணத்திலிருந்து நடந்து போகிறவர்கள் முதல் நாள் இருட்டும் நேரத்துக்கு எங்கே தங்கியிருப்பார்கள்? மயிலாப்பூரில் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினால் ஏறக்குறைய இங்கேதான் பொழுது சாயும். அப்படியிருந்தால் இந்தத் தாருக்கு மகாபலிபுரத்தைவிட, மெட்ராஸைவிட முந்தைய ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், திருப்போரூர் வழி என்று. வழிப்போக்கனைத் தங்கவைத்த சாவடி என்ற சொல்லே கொஞ்சம் தள்ளி வழிமறித்துக் காசு வாங்குகிற சாவடியாகவும் ஆனது.

தண்ணீரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, அதனால் கொஞ்சமாக. துரைப்பாக்கம் பக்கம் மேற்கே சதுப்பு, கிழக்கே கால்வாய், நடுவில் சாலை. பள்ளிக்கரணையின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகச் சாலைக்கு அடியில் புகுந்து கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அது பொறுமை இழந்து சாலை மேலேயே போனது. கண்ணாடிக் கட்டட வாசலில் படகு விட்டார்கள். 2022ல் பள்ளிக்கரணைக்கு உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது, 1,248 ஹெக்டேர், முன்பிருந்ததில் எவ்வளவோ குறைந்துபோன மிச்சம். மழைக்காலம் போனால் இன்னொரு கதை: அதே இடத்து அடுக்குமாடிகளுக்குக் குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர். எங்கள் மாமா ஒருவர் 2006ல் அரை ஏக்கர் விற்று அந்தக் காசில் தண்ணீர் லாரி வாங்கினார், மிச்சமிருந்த நிலத்துக் கிணற்றிலிருந்து மொண்டு, விற்ற நிலத்தில் எழும்பிய அடுக்குமாடிக்கே ஊற்றினார். 2019 கோடையில் அந்தக் கிணறும் வற்றியது. நிலத்தைத் தவணையில் இரண்டு தரம் வித்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கல்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டாக்ஸித் தம்பி இறக்கிவிட்ட மறுநாள் காலையில் அம்மா வீட்டுக் கொல்லையில் பல் விலக்கிக்கொண்டு நின்றபோது துணி துவைக்கிற கல் கண்ணில் பட்டது. பல வருடமாகப் பார்க்கிற கல், அதனால் பார்த்ததே இல்லை. அது ஒரு மைல்கல்.

கதை இது. எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தபோது வீட்டுக்கு முன்னால் இருந்த கல்லை இயந்திரம் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. மாநில நெடுஞ்சாலைக் கல், தலையில் பச்சை, உடம்பு வெள்ளை. தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள் தலை, இது தெரிந்ததுதானே. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதன்மேல் உட்கார்ந்து பஸ் எண்ணியிருக்கிறோம், தங்கச்சி ஒருதரம் அதில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டாள். எங்கள் திண்ணையும் அந்த வேலையில்தான் போனது. அளந்துவிட்டுப் போனவர்கள் ஒரு அளவு சொன்னார்கள், இடித்தவர்கள் இன்னொரு அளவுக்கு இடித்தார்கள், பணம் மூன்றாவது அளவுக்கு வந்தது. அப்பா அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கேளம்பாக்கம் உப்பளத்தில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர், வெயிலில் நின்று நின்று பேச்சே குறைந்த மனிதர். ஆனால் கல் பள்ளத்தில் கிடப்பதை நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் விடியற்காலையில் உப்பளத்து மூன்று சக்கர வண்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து கொல்லையில் கிணற்றடியில் இறக்கிவிட்டார்.

அம்மா பதறிவிட்டாள். "கவர்மென்ட் கல்லத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, போலீஸ் வராதா?"

"ரோட்டையே தூக்கிட்டுப் போயிட்டானுங்க. கல்லுக்கா வரப்போறான்?" என்றார் அப்பா. அந்த வருடத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று தங்கச்சி இப்போதும் சொல்வாள்.

அன்றைக்கு மாலையே அம்மா அதன்மேல் துணியை அடித்துத் துவைத்தாள். நாளடைவில் மேல்பக்கம் சுண்ணாம்பு போய், பெயின்ட் போய், வெட்டியிருந்த எழுத்தே தேய ஆரம்பித்தது. நான் பல் விலக்கிக்கொண்டே குனிந்து பார்த்தபோது "மாமல்" மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. "லபுரம்" வழுவழுவென்று போய்விட்டது, கிலோமீட்டர் எண்ணும் இல்லை. சாலைக்கு மகாபலிபுரம், மைல்கல்லில் மாமல்லபுரம், எங்கள் வாயில் மாவலிபுரம் என்று ஒரே ஊருக்கு மூன்று பெயர். கல்லில் எங்கேயும் பழைய என்று இல்லை. இருக்கவும் முடியாது, மைல்கல்லுக்குத் தூரம்தான் தெரியும், வயது தெரியாது.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மைல்கல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. தெற்கே போகிறவன் கண்ணில் படுகிற பக்கத்தில் மாமல்லபுரம் என்றால், வடக்கே போகிறவன் கண்ணில் படுகிற பக்கத்தில் வேறு ஊர் இருந்திருக்க வேண்டும். அது இத்தனை வருடமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. சின்ன வயதில் இரண்டு பக்கமும் படித்துத்தான் இருப்பேன், தினமும் அதன்மேல் உட்கார்ந்தவள். இப்போது ஞாபகமே இல்லை. நான் மெட்ராஸ் ரோடு, மெட்ராஸ் ரோடு என்று இவ்வளவு எழுதுகிறேனே, அந்தப் பெயருக்கு ஒரே சாட்சி வீட்டுக் கொல்லையில் குப்புறக் கிடக்கிறது, அதன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "எழுத்தா? அதுல எழுத்து வேற இருக்கா?" என்றாள்.

தனியாகப் புரட்ட முடியாது. கிணற்றடிக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு ஒரு மாதமாக அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போன வாரம் கொத்தனாரை வரச்சொன்னேன். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன், குழாயைப் பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு. போகும்போது 19பி இல்லை, கார். சோழிங்கநல்லூரில் நாற்பது நிமிடம் நின்றேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற மெட்ரோ இங்கே தலைக்கு மேலே வருகிறது, நேரு நகரிலிருந்து தூண் தூணாக. ரயில் ஓட ஆரம்பித்ததும் இதற்கு அடியில் இருக்கிற தாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டேன். கீழ் ரோடு என்பார்களாக இருக்கும்.

கொத்தனாரும் உதவியாளும் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். கல் முதலில் அசையவில்லை, அப்புறம் ஈரமண் விட்டுப் புரண்டது. அடியில் ஒரு கொத்து மண்புழு, ஒரு சோப்புறை, தங்கச்சி எப்போதோ தொலைத்த ஸ்டீல் ஸ்பூன் ஒன்று. தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்தேன். வெள்ளை அப்படியே இருந்தது, எழுத்துக்குள் கருப்பு அப்படியே இருந்தது. நேற்று எழுதிய மாதிரி. "சென்னை" என்றிருந்தது.

சென்னை. மெட்ராஸ் இல்லை. ஒரு நிமிடம் ஏமாற்றமாகிவிட்டது, உண்மையைச் சொன்னால். பெயர் மாற்றியது 1996ல், இந்தக் கல் அதற்கு முந்தையது, மெட்ராஸ் என்றுதானே இருக்க வேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகுதான் தோன்றியது, தமிழில் எழுதும்போது அது எப்போதும் சென்னைதான், பஸ்ஸின் நெற்றியில், பேப்பரில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும். எழுதுவது சென்னை, பேசுவது மெட்ராஸ். நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டே, கீழே சென்னை என்று எழுதியிருக்க, மெட்ராஸ் ரோடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். முனை சரிதான், பெயர்தான் வாயில் ஒன்று கல்லில் ஒன்று. போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். "என் பல்லு எந்தப் பக்கம் பட்டது?" என்று பதில் வந்தது.

குழாய் மாற்றி, குழியை மூடி, சிமெண்ட் கலவை போட்டுத் தரையை மட்டம் செய்தார்கள். கல்லைத் திரும்ப வைக்கும்போது கொத்தனார் கேட்டார், "எந்தப் பக்கம்மா மேல வரணும்?" நான் எழுத்துத் தெரிகிற பக்கம் மேலே இருக்கட்டும் என்று சொல்லப் போனேன். பார்க்க அழகாகவும் இருந்தது. அம்மா உள்ளேயிருந்து வந்து குனிந்து, சென்னை மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவிப் பார்த்தாள்.

"இது சொரசொரன்னு இருக்கு. துணி கிழிஞ்சிடும். முன்ன மாதிரியே போடுங்க" என்றாள்.